இழுக்கும் மாடும் ஏற்றும் கையும்

ரெட்டிபாளையத்துச் சாலையோரம் ஒரு நாழிகை நின்று பார், தோழா! புளிய இலை பச்சை நிறம் என்று பள்ளியிலே படித்தோம். இங்கே அது வெளுத்திருக்கும். வேப்பமரம், அரிதாரம் பூசி முடித்துக் காட்சிக்குக் காத்திருக்கும் நடிகனைப்போல் நிற்கும். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்று போகும். அதன் பின்னே மற்றொன்று. அதற்கும் பின்னே இன்னொன்று. எண்ணத் தொடங்குவாய், எண்ணிக் களைத்து நிறுத்துவாய். கோடிக்கணக்கான ஆண்டுகட்கு முன் கடல் கிடந்த மண் இது. அக்கடலிலே வாழ்ந்த சிப்பியும் நத்தையும் கல்லாகிக் கிடக்கின்றன. வாரணவாசி அருங்காட்சியகத்திலே கண்ணாடிப் பெட்டிக்குள் அவற்றைக் காணலாம். கண்ணாடிப் பெட்டிக்குப் போகாத கல்லெல்லாம் சூளைக்குப் போகிறது. சூளையிலிருந்து மூட்டைக்கு, மூட்டையிலிருந்து மாநகரத்து மாடிக்கு!

கல்லைப் பற்றியும் தூசியைப் பற்றியும் பலர் எழுதிவிட்டனர். நானும் மேடையிலே பேசியிருக்கிறேன். இன்று எழுத வந்தது எடையைப் பற்றி. கல் ஊரைவிட்டு வெளியேறும்போது எதன்மீது ஏறிச் செல்கிறது, எவ்வளவு ஏறிச் செல்கிறது, அந்த அளவைக் குறிப்பவர் யார் என்பது பற்றி. "ரயில் இஞ்சினுக்கும் அரசியல் கட்டுரைக்கும் என்னய்யா உறவு?" என்று நீ புருவம் நெரிப்பது தெரிகிறது. சற்றே பொறு.

முன்பொரு முறை நாடகம் முடித்துத் திரும்பும்போது எங்கள் குழுவின் வேன் மருதையாற்று மணலிலே சிக்கிக்கொண்டது. சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. பாரம் குறையட்டும் என்று எல்லாரும் இறங்கினோம். நிலைமை இன்னும் மோசம்! அவ்வழியே வந்த பெரியவர் ஒருவர் சிரித்தார். "இறங்கினா எப்படிப் போகும் தம்பி? எல்லாரும் பின்னால ஏறி நில்லுங்க, அப்பத்தான் சக்கரம் பிடிக்கும்" என்றார். ஏறி நின்றோம். வண்டி உறுமியது, நகர்ந்தது, கரையேறியது. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். விட்டுவந்த இயற்பியலின் ஒரு பாடத்தை அந்தப் பெரியவரிடம் படித்தேன்.

ரயில் இஞ்சினின் இரகசியமும் அதுவே. எத்தனை ஆயிரம் குதிரைத்திறன் இருந்தாலும், இழுக்கும் சக்கரத்தின்மீது எடை இல்லையேல் தண்டவாளத்தில் பிடிப்பு இல்லை; பிடிப்பில்லையேல் சக்கரம் வெறுமனே சுழலும். அதற்காகவே ஒவ்வோர் இஞ்சினிலும் மணல்பெட்டி வைத்திருக்கிறார்கள். வழுக்கும் நேரத்திலே சக்கரத்துக்கு முன்னே மணல் தூவி ஓட்டுகிறார்கள். ஆக, இஞ்சினுக்கு எடை வேண்டும். ஆனால் அந்த எடை தண்டவாளம் தாங்கும் எடையாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டு கட்டளைகளுக்கு நடுவே பிறந்ததுதான் எடை குறைந்த டீசல் இஞ்சின்.

அரியலூர் வழியே செல்லும் விழுப்புரம்–திருச்சி குறுக்குப் பாதை 1920களின் இறுதியிலே மீட்டர்கேஜாகப் போடப்பட்டது. மெல்லிய தண்டவாளம். ஓர் அச்சின்மீது பன்னிரண்டு பதின்மூன்று டன்னுக்கு மேல் ஏற்றினால் தாளாது. நீராவி யுகம் முடிந்து டீசல் யுகம் தொடங்கிய 1960களிலே, மீட்டர்கேஜ் பாதைகளுக்கென்று அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனியிலிருந்து வந்தது ஒய்.டி.எம்.4 என்னும் இஞ்சின். எடை 72 டன். ஆறு அச்சுகள், அச்சுக்குப் பன்னிரண்டே டன். ஏறத்தாழ 1,400 குதிரைத்திறன். தன் எடையிலே கால் பங்கு, அதாவது 18 டன் அளவுக்குத்தான் அதனால் இழுவிசை காட்ட முடியும். பின்னாளில் காசியிலேயே அதைக் கட்டினார்கள். பொன்மலை டீசல் பணிமனை அதைப் பேணி வளர்த்தது. குன்னூருக்கும் உதகைக்கும் இடையே மலைரயிலை இழுப்பதும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

இலேசான இஞ்சின், இலேசான வேகன். நான்கு அச்சு மீட்டர்கேஜ் வேகன் சரக்கோடு சேர்ந்து 50 டன்னை எட்டுவதே அரிது. வேகம் குறைவு, வருமானம் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். எனினும் அந்த ஏழை வண்டிக்கு ஓர் அருங்குணம் இருந்தது. சிற்றூர் நிலையத்திலும் நிற்கும்! ஒரு வேகன் நெல்லா? ஒரு வேகன் கடலையா? நிலைய அதிபரிடம் பதிவு செய்தால் போதும். பக்கத்துத் தண்டவாளத்தில் ஒற்றை வேகனைக் கழற்றி நிறுத்திவிட்டுப் போவார்கள். சின்ன வியாபாரிக்கும் ரயில் உண்டு என்றிருந்த காலம் அது.

அரியலூர் என்றதும் நம் இயக்கத்தாருக்கு நினைவு வருவது வேறொன்று. 1956 நவம்பர் 23. விடியுமுன் இருள். பெருவெள்ளம் பாய்ந்த மருதையாறு. அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றிலே வீழ்ந்தது. மாண்டவர் 140 பேருக்கும் மேல். ரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாத்திரி பதவி விலகினார். அதே ஆண்டு செப்டம்பரில் மகபூப்நகர் விபத்துக்காக அவர் விலக முன்வந்தபோது ஏற்காத பிரதமர் நேரு, அரியலூருக்குப் பின் ஏற்றார். துணை அமைச்சர் அழகேசனைப் பார்த்து நம் மேடைகளில் எழுந்த எதுகை முழக்கத்தை முதிய தோழர்களைக் கேள். இன்றும் மனப்பாடமாய்ச் சொல்வர்.

அவ்விபத்துக்குக் காரணம் வெள்ளம், வேகனின் சுமையன்று. உண்மையை வளைத்து முழக்கம் செய்வது என் வழக்கமன்று. ஆயினும் ஒன்றை அந்த இரவு காட்டிற்று. ரயில் ஓடுவது இஞ்சினால் மட்டுமன்று. பாலத்தின் தூண், கரையின் மண், தண்டவாளத்தின் இரும்பு, இரவிலே விளக்கும் சுத்தியலுமாய் நடந்துபோகும் கேங்மேனின் கண் ஆகிய இவை தாங்குவதால்தான் அது ஓடுகிறது. அறிக்கையிலே இஞ்சினின் பெயர் இருக்கும். தாங்கும் இவற்றின் பெயர் விபத்துக்குப் பிறகுதான் வரும்.

அந்த சாத்திரியார்தாம் 1964 சனவரியில் காசி டீசல் தொழிற்சாலையின் முதல் இஞ்சினை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அது அகலப் பாதைக்கான டபிள்யு.டி.எம்.2, 112.8 டன் எடை, 2,600 குதிரைத்திறன். அன்று தொடங்கிய எடைப் பெருக்கம் பிறகு நிற்கவேயில்லை. 1999இல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியிடமிருந்து டபிள்யு.டி.ஜி.4 வந்தது, 126 டன். சக்கரத்தின் வழுக்கலைக் கணந்தோறும் அளந்து கட்டுப்படுத்தும் புதிய மோட்டார்கள் கொண்டமையால் அதன் இழுவிசை 50 டன்னைத் தாண்டியது. பழைய இஞ்சின் தன் எடையில் கால் பங்கு இழுத்தது. புதியதோ ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இழுத்தது. விஞ்ஞானத்தின் வெற்றி! கை தட்டுவோம், தயக்கமின்றி. இதற்கிடையே, 1990களின் இறுதியிலே நம் குறுக்குப் பாதையும் அகலமாயிற்று. பின்பு மின்கம்பி வந்தது. நாட்டின் அகலப் பாதை ஏறக்குறைய முழுவதும் மின்மயமாகிவிட்ட இந்நாளிலே, 132 டன் எடையுள்ள மின்சார இஞ்சின்கள் அரியலூர் வழியே இடிமுழக்கத்தோடு செல்கின்றன.

இழுப்பவன் பலசாலியாகிவிட்டான். ஏற்றுபவன் சும்மா இருப்பானா?

அகலப் பாதையில் ஓர் அச்சுக்கு 20.32 டன் என்பது நெடுங்கால வரம்பு. நான்கு அச்சு வேகன் சரக்கோடு 81.28 டன். 2005ஆம் ஆண்டு தொடங்கி, லாலு பிரசாத் ரயில்வே அமைச்சராயிருந்த காலத்திலே, டில்லியிலிருந்து சுற்றறிக்கைகள் பறந்தன. வேகனில் முன்னைவிட 6 டன் கூட ஏற்று. 8 டன் கூட ஏற்று! அதே வேகன், அதே தண்டவாளம், அதே பாலம். கூடுதலாய் ஓர் ஆணி அடிக்காமல் கூடுதலாய் ஆயிரமாயிரம் கோடி வருமானம். "எப்படியும் அளவுக்கு மீறித்தானே ஏற்றுகிறார்கள்; கட்டணமாவது வாங்குவோமே" என்ற வாதமும் அன்று எழுந்தது. ஆமதாபாத் மேலாண்மைக் கழகம் அதைப் பாடமாக்கியது, வியந்தவர் பலர். அந்த ஒன்றிய ஆட்சியிலே நம் கழகமும் பங்கேற்றிருந்தது என்பதை நான் மறைக்க வரவில்லை. அன்று நாமும் கைதட்டினோம். தண்டவாளத்தின் கருத்தை நாமும் கேட்கவில்லை.

இன்றைய புது வேகன்கள் அச்சுக்கு 22.9 டன் என்ற கணக்கிலே கட்டப்படுகின்றன. வேகனும் சரக்கும் சேர்ந்து 91.6 டன். விந்தை என்னவென்றால், வேகனின் வெற்று எடை முன்னைவிடக் குறைந்திருக்கிறது. 22 டன்னுக்கு மேலிருந்த வெறும் வேகன் 21 டன்னுக்குள் இளைத்துவிட்டது. சரக்கோ 58 டன்னிலிருந்து 70 டன்னாகப் பெருத்துவிட்டது. உடல் மெலிகிறது, சுமை கொழுக்கிறது! அத்தகைய வேகன்கள் 58 கோத்தால் 5,300 டன்.

நாடகக்காரன் அல்லவா நான்? நள்ளிரவில் நிலையத்தின் ஓரப்பாதையிலே பழைய டீசல் இஞ்சினும் புது வேகனும் சந்தித்தால் என்ன பேசியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன்.

"ஐயா பெரியவரே, என்னை இழுப்பீரா?"

"எத்தனை டன், தம்பி?"

"தொண்ணூற்றொன்றரைக்குச் சற்று மேலே. பின்னால் ஐம்பத்தேழு பேர் நிற்கிறார்கள்."

"நான் எழுபத்திரண்டு டன் கிழவன். உன் ஒருவனுக்கே என்னைவிட எடை அதிகம்!"

"அப்படியானால் ஒதுங்கும், பெரிய இஞ்சின் வரும்."

"நான் ஒதுங்குகிறேன். கீழே கிடக்கும் தண்டவாளம் எங்கே ஒதுங்கும்?"

இந்தக் கடைசிக் கேள்விக்கு வேகன் விடை சொல்லாது. விடை சொல்லக் கடமைப்பட்டவர் சுற்றறிக்கையில் கையெழுத்திட்டவர். சுமை எட்டிலொரு பங்கு கூடினால் தேய்மானமும் எட்டிலொரு பங்குதான் கூடும் என்று எண்ணிவிடாதே. அதனினும் மிகுதியாகக் கூடும் என்பது பாதைப் பொறியாளர் எவரும் அறிந்த செய்தி. தண்டவாளத்தின் உள்ளே கண்ணுக்குப் புலப்படாத வெடிப்பு விழும். பற்றவைத்த இணைப்பு தளரும். கீழே ஜல்லி பொடியாகும். 60 கிலோ தண்டவாளமாய் மாற்று, பாலங்களை வலுப்படுத்து, கேங்மேன் பணியிடங்களைக் காலியாய் விடாதே, அதன்பின் ஏற்று எத்தனை டன் வேண்டுமானாலும்! முதலில் தாங்க வை, பிறகு ஏற்று என்பதுதானே முறை? இங்கே முதலில் ஏற்றினார்கள். தாங்குமா என்று பிறகு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கனத்த வேகனே கூடாது என்று நான் சொல்வதாக எவரும் திரிக்க வேண்டா. ஒரே ரயிலில் 4,000 டன் சிமெண்ட் போனால், 25 டன் ஏற்றும் லாரிகள் 160 சாலையில் ஓடவேண்டிய தேவையில்லை. அரியலூர்ச் சாலைகளில் சுண்ணாம்புக்கல் லாரியின் முன்னே சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளையை அனுப்பிவிட்டு மாலை வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்க்கு, ரயில் எவ்வளவு சுமந்தாலும் நன்மைதான். என் வழக்கு ரயிலின் மீதன்று. ரயில் யாருக்காக ஓடுகிறது என்பதன் மீது.

அமெரிக்காவைப் பார். அங்கே 1937இல் ரயில் கம்பெனிகளுக்கும் தொழிலாளர் சங்கங்களுக்கும் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. இழுக்கும் சக்கரங்களின் மீது 90,000 பவுண்டும் அதற்கு மேலும் எடை தாங்கும் டீசல் இஞ்சினில் ஃபயர்மேன் ஒருவர் இருந்தே தீரவேண்டும் என்பது விதி. உடனே முதலாளித்துவ மூளை வேலை செய்தது. 1940இல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி 88,000 பவுண்டில், அமெரிக்கக் கணக்குப்படி 44 டன்னில், ஓர் இஞ்சினைக் கட்டிற்று! ஓர் ஆளைக் குறைக்க இஞ்சினையே இளைக்க வைத்தார்கள். எடை என்பது தராசின் செய்தி மட்டுமன்று, கூலியின் செய்தி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனாலும் அந்த இலேசான இஞ்சின்கள் கிளைப் பாதைகளிலே, சிற்றூர்த் தானியக் கிடங்குகளிலே நெடுங்காலம் உழைத்தன. பிறகு பெருங்கம்பெனிகள் வேகனின் எடையை உயர்த்தின. 263,000 பவுண்டாயிருந்தது 1990களிலே 286,000 பவுண்டாயிற்று. நம் கணக்கில் ஏறத்தாழ 130 டன். பெரும்பாதை தாங்கியது. பழைய மெல்லிய தண்டவாளமுள்ள சிறு பாதைகளோ திகைத்தன. தண்டவாளத்தை மாற்றப் பணமுண்டா? இருந்தால் வாழ்வு, இல்லையேல் மூடுவிழா. எங்கோ ஒரு தலைமை அலுவலகத்திலே வேகனின் எடையைத் திருத்தினார்கள். எங்கோ ஒரு சிற்றூரின் பெயர் ரயில் படத்திலிருந்து அழிந்தது.

அமெரிக்கச் சிற்றூர் கிடக்கட்டும். பெரம்பலூருக்கு வா.

அரியலூருக்கு அண்டை ஊர், மாவட்டத் தலைநகர். சின்ன வெங்காயம் என்றாலே தமிழ்நாடு பெரம்பலூரைச் சொல்லும். அந்நகரிலே ரயில் நிலையம் இல்லை! அரியலூரிலிருந்து பெரம்பலூர் வழியே நாமக்கல்லுக்குப் பாதை வேண்டும் என்ற கோரிக்கை கிழமாகிவிட்டது. "போக்குவரத்து போதாது, வருமானம் வராது" என்ற விடையும் அதனுடனேயே கிழமாகிவிட்டது. எதை வைத்து வருமானத்தை அளக்கிறார்கள்? 58 வேகன், ஒரே சரக்கு, ஒரே முகவரி, முழு ரயில் என்ற அளவுகோலை வைத்து! வெங்காயக்காரன் முழு ரயில் பிடிப்பானா? மக்காச்சோளம் விளைவித்த மூன்று ஏக்கர் உழவன் 4,000 டன்னுக்கு எங்கே போவான்? ஒற்றை வேகன் பதிவு செய்த காலம் மீட்டர்கேஜோடு மலையேறிற்று. 2020 ஆகஸ்டிலே உழவர் விளைபொருளுக்கென்று முதல் கிசான் ரயிலை நாசிக் பக்கத்துத் தேவ்லாலியிலிருந்து பீகாரின் தானாப்பூருக்கு விட்டார்கள். நாசிக் வெங்காயத்துக்கு ரயில் கிடைத்ததில் நமக்கு மகிழ்ச்சியே. பெரம்பலூர் வெங்காயம் எங்கே போய் ஏறும்? நிலையமே இல்லாத ஊரில் நிற்கும் ரயிலை எந்த அமைச்சர் கொடியசைத்து அனுப்புவார்?

வேகன் கனக்கக் கனக்க, ரயில் கனத்தவனுக்கே உரியதாகிறது. இளைத்தவன் லாரிக்கு விரட்டப்படுகிறான். இதைத்தான் சொல்ல வந்தேன், தோழா. இதை ஏன் அரசியல் பக்கத்திலே சொல்கிறேன் என்பது இப்போது விளங்குகிறதா?

அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையைப் புரட்டு. ஒன்றியப் பட்டியல், 22ஆம் இனம்: ரயில்வே. கல் நம் மண்ணில். தூசி நம் நுரையீரலில். விபத்து நம் ஆற்றில். அதிகாரம் மட்டும் டில்லியில். 1989இல் இந்தியா சிமெண்ட்ஸ் வழக்கிலே, சுண்ணாம்புக்கல்லின் உரிமத்தொகை மீது தமிழ்நாடு விதித்த மேல்வரி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2024 சூலையில், ஒன்பது நீதிபதிகள் அமர்வு எட்டுக்கு ஒன்று என்ற கணக்கிலே அந்த நிலையை மாற்றி, கனிம உரிமை மீது வரி விதிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டென்றது. ஆக, கல் தரையில் கிடக்கும் வரை அதன்மீது நமக்குக் கொஞ்சம் பேச்சுரிமை மீண்டிருக்கிறது. வேகனில் ஏறிவிட்டால்? வாய் பொத்தல்! முன்பு ரயில்வேக்கென்று தனி வரவுசெலவுத் திட்டமாவது இருந்தது. ஆண்டுக்கொரு முறை நம் உறுப்பினர்கள் எழுந்து, "எங்கள் ஊர் பாதை என்னாயிற்று?" என்று கேட்க ஒரு நாள் இருந்தது. 1924 முதல் இருந்த அந்தத் தனித் திட்டத்தை 2017இல் பொதுத் திட்டத்தோடு கரைத்துவிட்டார்கள். அச்சுக்கு 25 டன் தாங்கும் தனிச் சரக்குப் பாதைகள் கட்டினார்களே, கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று! உத்தரப் பிரதேசம் கண்டது, இராசத்தான் கண்டது, குசராத் கண்டது. அவ்விரண்டில் ஒன்றேனும் தமிழ்நாட்டின் எல்லையைத் தொட்டதா?

மாநில உரிமையை ஆராய 1969இல் இராசமன்னார் குழு கண்டோம். 2025 ஏப்ரலில் நீதியரசர் குரியன் ஜோசப் தலைமையில் மீண்டும் ஒரு குழுவைத் தமிழ்நாடு அரசு அமைத்தது. ஆளுநர், நிதிப் பங்கீடு, கல்வி என்று மேடைதோறும் முழங்குகிறோம், முழங்கத்தான் வேண்டும். ஆனால் அச்சுப் பளு என்றொரு சொல்லை நம் மேடையிலே நான் இதுவரை கேட்டதில்லை. என் வாயிலிருந்தும் வந்ததில்லை. ஆகவே குற்றச்சாட்டில் முதல் பெயர் என்னுடையது.

என்ன கேட்பது? ஒரு பாதையில் சுமையின் வரம்பை உயர்த்துமுன், அப்பாதை செல்லும் மாநிலத்தின் அரசுக்குப் பாலங்களின் நிலைபற்றிய அறிக்கையைத் தரவேண்டும். கூடுதல் சுமையால் வரும் கூடுதல் வருமானத்தில் ஒரு பகுதி, அந்தச் சுமையைத் தாங்கும் பாதைக்கும் அதைக் காக்கும் தொழிலாளிக்குமே செலவாகவேண்டும். அரியலூர் போன்ற நிலையங்களிலே பத்து வேகன், பதினைந்து வேகன் கொண்ட சிறு சரக்கு வண்டி வாரத்தில் சில நாளேனும் ஓடவேண்டும். மின்மயத்தால் வேலையிழந்து நிற்கும் டீசல் இஞ்சின்கள் எத்தனையோ. கடல் கடந்த நாடுகளுக்கு அனுப்பப்படுபவை போக, ஒன்றிரண்டு பெரம்பலூர் வெங்காயத்துக்கும் மிஞ்சாதா? பெரம்பலூர்ப் பாதையின் கணக்கைப் போடும்போது சிமெண்ட் மூட்டையை மட்டும் எண்ணாமல், சாலையில் குறையும் லாரிகளையும் எண்ணவேண்டும்.

இவற்றை டில்லிக்குத் தந்தியடித்துச் சொல்வதால் பயனில்லை. முதலில் நம் கிளைகளுக்குத் தெரியவேண்டும். அரியலூர் நிலையத்திலோ கல்லகத்திலோ கூட்ஸ் வண்டி நிற்கும் வேளை, நடைமேடையிலிருந்தே பார். வேகனின் விலாவிலே வெள்ளை எழுத்தில் எழுதியிருக்கும்: வெற்று எடை இவ்வளவு, ஏற்றும் அளவு இவ்வளவு என்று. ஒரு தாளிலே குறித்துக்கொள். எத்தனை வேகன் என்பதையும் எண்ணிக்கொள். அந்த எண்ணைப் பெருக்கி, வரும் கிளைக் கூட்டத்திலே எழுந்து படி. பிறகு மருதையாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது அந்த வண்டி எழுப்பும் ஓசையைக் கேட்ட தோழர் எவரேனும் இருந்தால், அவரைப் பேசச் சொல்.